காயமடைந்தவர் ஒருவர்

ஸ்கேன் அறைக்கு வெளியே, நீலச் சட்டை போட்ட பெண் ஒரு தாளை வைத்துக்கொண்டு என் கணவரிடம் வரிசையாகக் கேள்வி கேட்டாள். இதயத்தில் கருவி ஏதும் வைத்திருக்கிறார்களா, பல்லில் கம்பி இருக்கிறதா, காதுக்குள் ஏதாவது பொருத்தியிருக்கிறார்களா. எல்லாவற்றுக்கும் அவர் இல்லை என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். உடம்பில் வேறு எங்காவது இரும்பு இருக்கிறதா அங்கிள், என்று மலாயில் கடைசியாகக் கேட்டாள்.

"இருக்கு," என்றார் ஆர்தர்.

"எங்கே?"

அவர் இடது இடுப்பைத் தொட்டுக் காட்டினார். பிறகு தொடையின் மேல்பக்கத்தை. "கண்ணிவெடித் துண்டுகள். பழசு. எழுபத்தெட்டாம் வருஷத்தது."

நான் பக்கத்து நாற்காலியில் அவருடைய கைக்கடிகாரத்தையும் பர்சையும் கழுத்துச் சங்கிலியையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். இந்த இயந்திரத்துக்குள் இவரை அனுப்ப முடியாது, முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், டாக்டரிடம் கேட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். அவளுக்கு அது தாளில் இருக்கும் ஒரு கட்டம்.

"மோட்டார் சைக்கிள்ல விழுந்ததுன்னுதான சொன்னீங்க," என்றேன்.

ஆர்தர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ள பெரிய காந்தம் இருக்காம் சவுந்தரம். மறைச்சா பிச்சிக்கிட்டு வெளிய வந்துரும்லா."

ஒரு காந்தத்துக்குப் பயந்து உண்மையைச் சொல்லியிருக்கிறார். நாற்பத்தாறு வருடம் பக்கத்தில் படுத்தவளுக்குச் சொல்லத் தோன்றவில்லை.

எனக்குத் தெரிந்திருந்த கதை வேறு. நிபோங் திபாலுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் அப்பா பெரிய கிராணி. தோட்டத்து ஆபீசும் கணக்கும் அவர் கையில். ஆர்தர் அதே தோட்டத்துப் பையன், ராணுவத்தில் சேர்ந்திருந்தார். அப்பாவின் தங்கை கணவர் போலீசில் இருந்து, கம்யூனிஸ்ட்டுகள் சுட்டுச் செத்தவர். அத்தை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். யாரோடும் அதிகம் பேசமாட்டாள். துப்பாக்கி தூக்குகிறவனுக்கு என் பெண்ணைத் தரமாட்டேன் என்று அப்பா சொன்னபோது, அந்த வீட்டில் யாரும் எதிர்த்துப் பேச முடியவில்லை. நானும் பேசவில்லை. ஆறு மாதம் கழித்து ஆர்தர் வந்து, தன்னை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள் என்றார். அரிசி, பூட்ஸ், போர்வை எண்ணுகிற வேலை. அப்பா சம்மதித்தார்.

மாதா கோவிலில் ஓலை வாசிக்க ஏற்பாடாயிற்று. மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். முதல் இரண்டு ஓலைக்கும் ஆர்தர் வரவில்லை. லீவு இல்லை என்றார். மூன்றாவது ஓலைக்கு மாப்பிள்ளை வந்து நிற்காவிட்டால் கல்யாணம் கிடையாது என்று அப்பா சொல்லி அனுப்பினார்.

வந்து நின்றார். ஆண்கள் பக்கத்தில் தூணில் சாய்ந்து, சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருக்க நின்றார். பூசை முடிந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை நண்பர்களோடு பீர் குடித்துவிட்டு மோட்டாரில் வந்ததாகவும், வளைவில் சறுக்கிக் கல்ரோட்டில் தேய்ந்துகொண்டு போனதாகவும் அப்பாவிடம் சொன்னார். அன்று சாயங்காலமே காய்ச்சல் ஏறியது. டவுனில் ஒரு சீன டாக்டரின் கிளினிக்கில் ஒன்பது நாள் கிடந்தார். கல்யாணம் இரண்டு வாரம் தள்ளிப்போனது. "குடிச்சான், விழுந்தான். கட்டி வெச்சா சரியாயிருவான்," என்று அப்பா அத்தையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. சண்டைக்குப் போகிறவனை மன்னிக்காத அப்பா, குடித்துவிட்டு விழுந்தவனை ஐந்து நிமிடத்தில் மன்னித்தார்.

நான் மன்னிக்கவில்லை. கல்யாணம் நெருங்குகிற நேரத்தில் குடித்துவிட்டு விழுந்தவர் என்பதை மனதின் ஓரத்தில் வைத்துக்கொண்டுதான் கழுத்தை நீட்டினேன். அதன் மேல்தான் குடும்பம் நடத்தினேன். மோட்டார் வாங்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அவர் தரையில் சம்மணம் போட முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்தபோதெல்லாம் வந்தவர்களிடம் காரணத்தைச் சொன்னேன், சிரித்துக்கொண்டே சொன்னேன். மகள் ஜோவானுக்கு விவரம் தெரிந்த வயதில், "உங்க டேடி குடிச்சிட்டு ஒடச்சிக்கிட்ட காலு அது," என்று சொல்லிக்கொடுத்தேன். மருமகன் நாதன் அவரை "பிரேக் இல்லாத மாமா" என்றுதான் கூப்பிடுவான். ஆர்தர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் குற்றவாளியின் சிரிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது சரிதான். குற்றம்தான் வேறு.

எக்ஸ்ரேயில் பதினொரு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. டாக்டர் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். சில அரிசி அளவு, ஒன்று மட்டும் புளியங்கொட்டை அளவு. ஆர்தர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகுநாள் கழித்துப் பார்க்கும் சொந்தக்காரரின் படத்தைப் பார்ப்பதுபோல இருந்தது அவர் முகம். எனக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது.

அந்த வாரமே கெலுகோரில் கமாலுதீன் அண்ணன் வீட்டுக்குப் போனோம். போக வேண்டும் என்று சொன்னது ஆர்தர். கமாலுதீன் அண்ணன் அவரோடு அதே படைப்பிரிவில் மருந்துப்பெட்டி தூக்கியவர். இப்போது இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறார். கட்டுப்போட்ட கையை ஒரு தலையணை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடமாக எங்கள் வீட்டு கிறிஸ்மஸ் கேக்கைத் தின்றவர். அவருக்கும் தெரியும்.

"பசியாறிட்டீங்களா தங்கச்சி," என்றார்.

"அண்ணே, நா பசியாற வரல."

அவர் ஆர்தரைப் பார்த்தார். "சொல்லிட்டியாடா?"

"ஸ்கேன்காரிகிட்ட சொல்லிட்டேன்."

"அட கழுத," என்றார் கமாலுதீன் அண்ணன். பிறகு என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஆர்தர் ஸ்டோருக்கு மாற்றப்படவே இல்லை. பாலிங்குக்கு வடக்கே, தாய்லாந்து எல்லைக் காட்டில் ஆறு நாள் ரோந்து. கடைசி நாள் மழை. முன்னால் போன சிவநேசனின் காலுக்கடியில் வெடித்தது. நாலடி பின்னால் ஆர்தர். சிவநேசனுக்குப் பாதம் போய்விட்டது. எல்லோரும் அவனைச் சுற்றி நின்றார்கள். ஹெலிகாப்டர் வந்து அவனைத் தூக்கிப்போனது. லெப்டினன்ட் ரேடியோவில், காயமடைந்தவர் ஒருவர் என்று சொன்னார். ஆர்தர் மழைக்கோட்டுக்குள் இடுப்பைத் துணியால் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்.

"ஆத்தங்கரையில தண்ணி குடிக்கக் குனிஞ்சான். அப்பத்தான் ரத்தத்தப் பாத்தேன். சொல்லிரலாம்டான்னேன். கால்ல விழறான் தங்கச்சி. சண்டே மூணாவது ஓலைடா கமாலு, போகலன்னா போச்சுடாங்கறான். ஓலைன்னா என்னன்னே எனக்குத் தெரியாது. கோர்ட்டு சம்மன் மாதிரி எதோன்னு நெனச்சேன். தொப்பிய வாய்ல குடுத்துட்டு, கைக்கு எட்டுன நாலு துண்ட எடுத்தேன். மத்தது உள்ள."

"காயம்னா ஆஸ்பத்திரியில போட்டு ஊருக்குத் தந்தி அடிப்பாங்க," என்றார் ஆர்தர். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எங்கம்மா தோட்டத்துல இருந்தாங்க. தோட்டத்துக்கு வர்ற தந்திய யாரு பிரிப்பா? பெரிய கிராணி. உங்கப்பா. ஸ்டோர்ல அரிசி எண்றவனுக்கு எப்படிக் கண்ணிவெடின்னு கேட்டிருப்பாரு."

"அப்பா தொண்ணூத்தொண்ணுல போயிட்டாரு. அப்புறம் சொல்றதுக்கு என்ன?"

"அப்புறம் எப்படிச் சொல்றது. நீ அதுக்குள்ள பழகிட்ட."

"எதுக்கு?"

"என்னய ஏசறதுக்கு."

கமாலுதீன் அண்ணன் மகளைக் கூப்பிட்டுக் கோப்பி கொண்டுவரச் சொன்னார். ஆர்தர் அவர் பக்கம் திரும்பினார். அவர் இங்கே வந்தது எனக்கு உண்மையைச் சொல்ல அல்ல, வேறொன்றைக் கேட்க என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"கமாலு, அந்த ரிப்போர்ட்டுல ஒருத்தர்னு இருக்கு. அது ரெண்டுன்னு வரணும். நீ இருக்கறப்பவே வரணும்."

"மெடலா கேக்கப் போற?"

"மெடலு எதுக்கு. ரெண்டுன்னு இருந்தா போதும்."

நான் கோப்பியைக் குடிக்காமல் எழுந்து வெளியே போய் நின்றேன். அவருக்கு ஒரு எண் மாற வேண்டும். எனக்கு நடந்தது எந்தத் தாளிலும் இல்லை. எதை மாற்றச் சொல்லி நான் யாரிடம் போய் நிற்பது?

முன்னாள் படைவீரர்களின் பழைய காயங்களை விசாரிக்க ஒரு குழு இருக்கிறது என்று தெரிந்தது. விண்ணப்பத்தை நிரப்ப, முன்னாள் வீரர்கள் சங்கத்திலிருந்து காமாரியா எங்கள் சுங்கை பினாங் பிளாட்டுக்கு வந்தார். தமிழ் முஸ்லிம் பெண், காலமான கணவர் ராணுவத்தில் சமையல்காரராக இருந்தவர். லிப்ட் வேலை செய்யாததால் ஒன்பது மாடி ஏறி வந்து, முதல் கால்மணி நேரம் மூச்சுத்தான் வாங்கினார். பிறகு பையிலிருந்து தாள்களை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார்.

"எக்ஸ்ரே இருக்கு, நல்லது. கமாலுதீன் அண்ணன் சாட்சி இருக்கு, அதுவும் நல்லது. ஆனா அவரு கூட்டாளி, கூட்டாளிக்குத்தான் சொல்வாருன்னு நெனப்பாங்க. ஆர்மி ரிக்கார்டுல லீவுல ரோடு ஆக்சிடென்ட்னு கெடக்கு. அத ஒடைக்கணும்னா வீட்டம்மா கடிதம் வேணும் கக்கா. சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டது." அக்கா என்பதை அவர் மலாய் வழக்கில் கக்கா என்பார்.

"என்ன எழுதணும்?"

காமாரியா ஏற்கெனவே எழுதிக் கொண்டுவந்திருந்தார். படித்துக் காட்டினார். கல்யாணத்தின்போதே கணவர் என்னிடம் உண்மையைச் சொன்னார். காட்டில் வெடித்த கண்ணிவெடியால் ஏற்பட்ட காயம் என்பது அன்றிலிருந்து எனக்குத் தெரியும். குடும்பத்தின் நன்மைக்காக வெளியே சொல்லவில்லை.

"எனக்குத் தெரியாது," என்றேன்.

"அது எனக்குத் தெரியும் கக்கா. ஆனா நாப்பத்தாறு வருஷம் பொண்டாட்டிக்கே தெரியாத காயம்னா, அங்க உக்காந்திருக்கறவங்க என்ன நெனப்பாங்க? இப்பத்தான் கட்டின கதைன்னு சொல்லிருவாங்க. ஒரு வரிதான்லா. அண்ணனுக்காக."

ஆர்தர் பேனாவை என் பக்கம் மெதுவாக நகர்த்தி வைத்தார். அந்த நகர்த்தல் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. இரண்டு விரலால், மேசையில் சத்தம் வராமல்.

தெரியும் என்று நான் எழுதினால் என்ன ஆகும் என்று அவர் யோசித்தாரா? தெரிந்துகொண்டே அவரைக் குடிகாரன் என்றேன் என்று ஆகும். வெடிபட்ட காலென்று தெரிந்தே வருகிறவர் போகிறவரிடம் சொல்லிச் சிரித்தேன் என்று ஆகும். நான் செய்த கொடுமைக்கு எனக்கு இருக்கும் ஒரே சாக்கு, எனக்குத் தெரியாது என்பதுதான். அதையும் கேட்கிறார். தன் தாளில் ஒன்று இரண்டாக மாற, என் தாளில் நான் ராட்சசியாக வேண்டும்.

"நா எழுதித் தரேன். என் வார்த்தையில," என்றேன். காமாரியாவின் தாளை மடித்து அவரிடமே கொடுத்தேன்.

"கக்கா கோவமா இருக்காங்கலா," என்று காமாரியா ஆர்தரிடம் சொன்னார், நான் அங்கே இல்லாததுபோல.

நான் கெலுகோர் பல்கலைக்கழகத்தில் முப்பத்திரண்டு வருடம் தட்டச்சராக இருந்தவள். அடுத்தவர்களின் ஆயிரக்கணக்கான கடிதங்களை அடித்திருக்கிறேன். மறுநாள் காலையில் மகளின் பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது முதல் வரிக்கு மேல் போகவில்லை. என் கணவர் என்னிடம் பொய் சொன்னார். அவ்வளவுதான் வந்தது. அதற்கு மேல் எழுத, எனக்கு என்னதான் தெரிந்திருந்தது என்று யோசிக்க வேண்டியிருந்தது. அதைத்தான் நான் தவிர்த்துக்கொண்டு வந்தேன்.

எண்பத்தொன்றில் அவருடைய தொடையில் ஒரு கட்டி எழும்பியது. பழுத்து, நடுவில் கறுப்பாக ஒரு முனை தெரிந்தது. நான் தையல் ஊசியை நெருப்பில் காட்டி நெம்பி எடுத்தேன். எனாமல் தட்டில் போட்டேன். "ரோட்டுக் கல்லு இன்னும் வருது பாருங்க. நல்லாத்தான் குடிச்சிருக்கீங்க," என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். தட்டைக் கொண்டுபோய்க் குப்பையில் கவிழ்த்தேன். நாலு வருடம் கழித்து இன்னொன்று வந்தது. அதையும் அப்படியே.

தட்டில் விழுந்தபோது சத்தம் வந்தது. நான் தினமும் அரிசியில் கல் பொறுக்கியவள். எனாமல் தட்டில் கல் விழுந்தால் எப்படிச் சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாதா? அது கல்லின் சத்தம் இல்லை. அன்றைக்கே என் காது சொன்னது. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரை ஏசுவதற்கு என்னிடம் எதுவும் மிஞ்சியிருக்காது. கோபித்துக்கொள்ள ஒரு காரணம் கையில் இருப்பது எவ்வளவு சௌகரியம் என்று வெளியே சொல்ல முடியாது. சமையலறையில், ஆபீஸ் பஸ்ஸில், அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்த நாட்களில், எல்லாக் கோபத்தையும் கொண்டுபோய் அந்தக் காலில் இறக்கி வைத்தேன். அந்தக் கால் தாங்கியது.

அவர் மேல் இருந்த ஆத்திரத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது. ஒன்று மற்றொன்றைக் குறைக்கவில்லை. ஒன்றரைப் பக்கம் அடித்து முடித்து, சத்தியம் செய்விக்கும் வக்கீலின் முன்னால் கையெழுத்துப் போட்டேன். ஆர்தருக்குப் படிக்கக் கொடுக்கவில்லை.

விசாரணை ஒரு புதன்கிழமை, ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில். கமாலுதீன் அண்ணனுக்கு ரத்தம் சுத்தம் செய்யாத நாளாகப் பார்த்துக் காமாரியா வாங்கிக் கொடுத்திருந்தார். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர், ஓய்வுபெற்ற கர்னல். அவருக்கு இடப்பக்கம் ஒரு பெண் டாக்டர், வலப்பக்கம் குறிப்பெடுக்கிறவர். பேச்செல்லாம் மலாயில்; ஐயா என்பதற்குத் துவான், அம்மா என்பதற்குப் புவான்.

கமாலுதீன் அண்ணன் முதலில் சொன்னார். தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நாலு துண்டு எடுத்தேன் என்கிறீர்கள். அறிக்கையில் எழுதவில்லை. லெப்டினன்டிடம் சொல்லவில்லை. இப்போது நண்பருக்காகச் சொல்கிறீர்கள்."

"ஆமாம் துவான். அன்றைக்கும் நண்பருக்காகத்தான் சொல்லாமல் இருந்தேன்."

தலைவர் சிரிக்கவில்லை. என் கடிதத்தை எடுத்தார். முதலில் வேகமாகப் படித்தார், பிறகு பக்கத்தைத் திருப்பி மறுபடியும் முதலிலிருந்து படித்தார். டாக்டரிடம் நீட்டினார்.

"புவான், உங்கள் கணவர் இதை உங்களிடம் எப்போது சொன்னார்?"

"என்னிடம் சொல்லவில்லை. போன மார்ச் மாதம் ஸ்கேன் எடுக்கும் பெண்ணிடம் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன்."

குறிப்பெடுக்கிறவர் தலையைக் குனிந்துகொண்டார். காமாரியா எனக்குப் பின்னால் பெருமூச்சு விட்டது கேட்டது.

"அதுவரை உங்களுக்குத் தெரியாது."

"குடித்துவிட்டு மோட்டாரில் விழுந்தார் என்று என் அப்பாவிடம் சொன்னார். கோவில் வாசலில் வைத்துச் சொன்னார். நான் அதை நம்பி இவரை நாற்பத்தாறு வருடம் குடிகாரன் என்றேன். இவர் மறுக்கவில்லை. இவரைப் பெருமைப்படுத்த நான் இங்கே வரவில்லை துவான். எழுதியிருப்பதுபோல, இரண்டு தடவை இவர் தொடையிலிருந்து என் கையால் இரும்பு எடுத்தேன். கல் என்று நானே சொன்னேன். தட்டில் விழுந்த சத்தம் கல்லுடையது இல்லை. அது எனக்கு அன்றைக்கே தெரிந்தது. நான் ஏன் என்று கேட்கவில்லை. அது என் தப்பு. துண்டு எங்கே என்று கேட்காதீர்கள், குப்பையில் போட்டேன்."

குரல் நடுங்கியது. வருத்தத்தில் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். மேசையைக் கவிழ்க்காமல் இருக்க நான் பட்ட பாடு அது.

டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ரோட்டில் விழுந்தால் இவ்வளவு ஆழத்தில், இந்த வடிவத்தில் எதுவும் போகாது என்றார். தலைவர் ஆர்தர் பக்கம் திரும்பினார்.

"உங்கள் மனைவி சொல்வதெல்லாம் உண்மையா? அதிகாரியிடம் காயத்தை மறைத்தீர்களா?"

ஆர்தர் எழுந்து நின்றார். இடது கை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பக்கவாட்டில் நின்று, என்னைப் பார்க்காமல், "உண்மை துவான்," என்றார். "மறைத்தேன். இவளிடமும் மறைத்தேன்."

"நான் உங்கள் லெப்டினன்டாக இருந்திருந்தால் உங்களை லாக்கப்பில் போட்டிருப்பேன்."

"என்னையும் சேர்த்துப் போட்டிருக்க வேண்டும் துவான்," என்றார் கமாலுதீன் அண்ணன்.

அப்போதுதான் தலைவர் கொஞ்சம் சிரித்தார். "கதை கட்டுகிறவர்கள் மனைவியை வைத்து நல்ல கடிதமாக எழுதி வாங்கி வருவார்கள்," என்று என் தாளைத் தட்டினார். "இப்படி ஒன்றை யாரும் கட்டமாட்டார்கள்."

வெளியே வந்ததும் காமாரியா என் கையைப் பிடித்தார். ஆர்தர் லிப்ட் வரை என் பக்கத்தில் நடந்து வந்தார். "அப்படியெல்லாம் சொல்லணுமா," என்றார். அதற்குப் பிறகு ஐந்து வாரம் வீட்டில், உப்பு, மாத்திரை, லிப்ட் என்பதைத் தாண்டி எதுவும் பேசவில்லை.

கடிதம் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. ஆர்தர் சமையலறையில் நின்றபடியே பிரித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு உடனே கோலாலம்பூருக்குப் போன் போட்டு ஜோவானைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஜோவான், கடுதாசி வந்திருச்சு. காயமடைந்தவர் இருவர்னு மாத்திட்டாங்க. என் பேரு போட்டிருக்கு."

"ஓ டேடி," என்றாள் ஜோவான். "முழுசா படிங்க டேடி."

"அவ்வளவுதான்மா. மத்தது சும்மா."

அவர் கையிலிருந்த தாளை நான் வாங்கினேன். மற்றது சும்மா இல்லை. அதற்கு அடுத்த வாக்கியத்தையும் படித்தேன். இரண்டாமவர் தமது திருமணத்தை முன்னிட்டுக் காயத்தைத் தாமே மறைத்ததால், அன்றைய அறிக்கையில் இடம்பெறவில்லை. மனைவியின் வாக்குமூலம் ஏற்கப்பட்டது. குரலை ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை. போனின் அந்தப் பக்கத்தில் நாதன் வந்து நின்றிருக்க வேண்டும்.

"மாமா, சாரி மாமா," என்றான். "இத்தன வருஷமா நா வேற கிண்டல் பண்ணிட்டேன்."

"பரவால்லலா மாப்ள. தெரியாமத்தான பேசுன."

போனை வைத்தார். முகம் மலர்ந்திருந்தது. சோபாவுக்குப் போகத் திரும்பினார்.

"நாதன் சாரி சொன்னான், பரவால்லன்னுட்டீங்க," என்றேன். "எனக்கு யாரு சொல்றது?"

"ஒனக்கு என்ன சாரி?"

"பொய் சொன்னதுக்கு."

"ஒன்னக் கட்டிக்கணும்னுதான செஞ்சேன்."

"தெரியும்."

"தெரியும்னா அப்புறம் என்ன? அன்னிக்கு உண்மைய சொல்லியிருந்தா நீ என்ன செஞ்சிருப்ப? அதச் சொல்லு."

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பொய் சொல்லியிருக்கலாம். உங்களோடு ஓடி வந்திருப்பேன் என்று சொல்லியிருந்தால் அன்றைய நாள் நன்றாகக்கூடப் போயிருக்கும். ஆனால் இருபத்து மூன்று வயதில் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியும். அத்தையின் முகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு வளர்ந்தவள் அவள்.

"அப்பா பேச்சத்தான் கேட்டிருப்பேன். ஒங்கள வேணாம்னு சொல்லியிருப்பேன்."

"பாத்தியா," என்றார். ஜெயித்துவிட்டவர்போல.

"அதச் சொல்றதுக்கு எனக்கு வழி இருந்திருக்கணும். வேணாம்னு சொல்லி, அப்புறம் அழுதிருப்பேனோ, அப்பாவோட சண்ட போட்டிருப்பேனோ, எனக்குத் தெரியாது. அந்தச் சவுந்தரம் என்ன செஞ்சிருப்பான்னு யாருக்கும் தெரியாது. நீங்க விடல. அவளுக்கும் சேத்து நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. மத்ததெல்லாம் தாளுல சரி பண்ணிட்டாங்க. இத எங்க போயி சரி பண்றது?"

அவர் என்னையே பார்த்தார். வழக்கமான அந்தச் சிரிப்பு வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. நாற்காலியை இழுத்த சத்தத்தில் பக்கத்து வீட்டு ரேடியோ நின்றது.

"அப்ப நீ?" என்றார். இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. "கல்லு எங்கயாவது அவ்வளவு ஆழமாப் போவுமான்னு ஒரு நாளு கேட்டியா? தட்டுல சத்தம் வேற மாதிரி கேட்டுச்சுன்னு அங்க போயி மூணு பேருகிட்ட சொல்ற. எனக்குச் சொன்னியா? நா படுத்துக் கெடந்தேன். நீ கேப்ப, கேப்பன்னு கண்ண மூடிக்கிட்டுக் கெடந்தேன். கேட்டா சொல்லிரலாம்னு கெடந்தேன். கல்லுன்னுட்டுப் போயிட்ட. என் புள்ளைக்கே என்னக் குடிகாரன்னு சொல்லிக்குடுத்த. நா வருஷத்துக்கு ரெண்டு பீரு குடிக்கல சவுந்தரம். ரெண்டு பீரு."

மேசையில் கையை ஓங்கி ஊன்றினார். கடிதம் மேசையின் விளிம்பிலிருந்து தரையில் விழுந்தது. இருவருமே எடுக்கவில்லை. இத்தனை வருடம் இந்த மனிதருக்குக் கோபமே வராது என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். பொய் சொன்னவருக்குக் கோபப்பட உரிமை இல்லை என்று அவர் அடக்கி வைத்திருந்திருக்கிறார். இன்றைக்கு ஒரு தாள் வந்து அதை அவிழ்த்துவிட்டிருக்கிறது.

எனக்கு இரக்கம் வரவில்லை. பதிலுக்குச் சொல்ல எனக்கும் வாய் நிறைய இருந்தது. ஆனால் அவர் முதல்தடவையாக என்னிடம் நேராகப் பேசிக்கொண்டிருந்தார்.

அடுப்பை அணைத்தேன். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னும் இருக்கா?" என்றேன்.

"இருக்கு. நெறைய இருக்கு."

"சொல்லுங்க. அப்புறம் நா சொல்றேன்."

அவரும் உட்கார்ந்தார், இடது காலை வழக்கம்போல் நீட்டி வைத்துக்கொண்டு. "ஜோவானுக்கு ஞானஸ்நானம் குடுத்தன்னிக்கு எங்கம்மா முன்னால என்னப் பாத்து என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பித்தார்.

எனக்கு ஞாபகம் இல்லை. அவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் இருந்தது.